மூன்று பேர் அறை

மனைவி ஹபீபாவுக்குக் கால் நகம் வெட்டிவிடுவது மஜீதின் வியாழக்கிழமை வேலை. நான்கு வருடமாக அப்படித்தான். முட்டி மடங்க மறுத்ததிலிருந்து அவளுடைய கால் அவளுக்கே எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. மாலையில் கயிற்றுக்கடையிலிருந்து வந்ததும் பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெந்நீரில் ஊறிய பாதத்தைத் தூக்கித் தன் மடியில் விரித்த துண்டின்மேல் வைத்துக்கொள்வார். முப்பத்தைந்து வருடம் கயிறு அளந்து காய்த்துப் போன கை. அந்தக் கைக்கு நகவெட்டி அடங்காது.

"சுண்டு விரல்ல பாத்து. போன வாரம் ரத்தம் வந்திச்சி."

"அது போன மாசம்."

"வலிச்சது எனக்கு. எந்த வாரம்னு எனக்குத் தெரியாதா?"

மஜீத் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். கட்டில் ஓரத்தில் ஒரு பளபளப்பான காகிதம் கிடந்தது. கஅபாவின் படம், அதன் பக்கத்திலேயே ஒரு ஹோட்டல் படம். சபியுல்லா கொடுத்தது. கள்ளக்குறிச்சி மெயின் ரோட்டில் டிராவல்ஸ் வைத்துக்கொண்டு வருடத்துக்கு நாலைந்து முறை மக்காவுக்கு உம்ரா யாத்திரையாக ஆள் கூட்டிப் போகிறவன் அவன். நாளைச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்லவேண்டும் என்று கெடு வைத்திருந்தான்.

போவதா வேண்டாமா என்ற கேள்வி இல்லை. அது தீர்ந்து இரண்டு மாதமாகிறது. சாதாவா, பிரீமியமா என்பதுதான் பாக்கி. சாதாவில் தங்குமிடத்திலிருந்து தொழப் போக பஸ் ஏறவேண்டும். அறைக்கு ஐந்து பேர். ஆண்கள் தனி, பெண்கள் தனி. பிரீமியத்தில் ஹோட்டலை விட்டு வெளியே வந்தால் ஹரம் பள்ளிவாசல் முற்றம். பத்துப் பேருக்கு ஒரு வழிகாட்டி, கடைசிவரை கூடவே வருவார். சக்கர நாற்காலி, அதைத் தள்ள ஆள், மூன்று வேளையும் நம்ம ஊர்ச் சாப்பாடு, குடும்பத்துக்குத் தனி அறை. விலை ஏறக்குறைய இரட்டிப்பு.

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மகன் வாஜித், போனில் ஒரே பிடியாக நின்றான். "அத்தா, பிரீமியம் போடுங்க. அம்மாவால பஸ்ல ஏற முடியாது. இதுல யோசிக்க இன்னா இருக்கு?"

ஹபீபாவுக்கு அதில் மனசில்லை. "அல்லா வூட்டுக்குப் போறதுக்கு ஜன்னலோரம் இன்னாத்துக்கு?" என்றாள்.

"ஜன்னலுக்கு இல்ல. உன் முட்டிக்கு."

"சாதாவுல போன ஜனமெல்லாம் முட்டி இல்லாமலா போச்சி?"

மஜீத் நாலு பேரிடம் விசாரித்தார். விசாரிக்க விசாரிக்கக் குழப்பம் ஜாஸ்தியானது. கடைசியாகப் பக்கத்து உரக்கடை சின்னராசுவிடம் போனார். சின்னராசு உம்ராவுக்கா போனான்? ஆனால் போன வருடம் மனைவி ஆண்டாளோடு சிங்கப்பூர், மலேசியா என்று ஒரு பிரீமியம் டூர் போய்வந்தவன். இந்த வீதியில் காசு கொடுத்து வழிகாட்டியோடு வெளிநாடு பார்த்த ஒரே ஆள்.

"அத ஏன் கேக்கற பாய்," என்றான் சின்னராசு, யூரியா மூட்டைமேல் உட்கார்ந்தபடி. "ஒருத்தன் கொடியப் புடிச்சினு முன்னாடி போவான். நாம ஆட்டு மந்த மாதிரி பின்னாடியே போவணும். ஒண்ணுக்குப் போறதுக்கும் அவன்தான் டைம் சொல்லுவான். இட்லியும் குடுத்தான், இட்லின்னு போர்டு எழுதி வெச்சதால கண்டுபுடிச்சோம்."

"அப்ப சாதாவே போதும்ன்றியா?"

"யார் சொன்னது? மூணாவது நாளு உங்க தங்கச்சி ஆண்டாளு ஒரு பெரிய கடையில காணாமப் பூட்டா. எனக்கு உசுரே இல்ல. அந்தக் கொடிக்காரன் பத்தே நிமிசத்துல கூட்டினு வந்து நிறுத்தினான். பஸ்ஸுக்கும் ரூமுக்கும் இல்ல பாய் நம்ம காசு. தொலஞ்சா தேடறதுக்கு ஆளு இருக்கான் பாரு, அதுக்கு." பிறகு, "தேடிக் கூட்டினு வந்தப்புறம் அவ ரெண்டு நாளு எங்கூடப் பேசல. நான் தேடலியாம்," என்றான்.

மஜீத் சிரித்தார். முடிவு மட்டும் வரவில்லை.

முடிவு வந்தது சபியுல்லா போகிற போக்கில் சொன்ன ஒரு சொல்லால். "பாய், அந்த குடும்ப ரூம்ல மூணு கட்டில் இருக்கும். மூணாவதா வூட்டு மனுசங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. தலைக்குக் கொஞ்சம் கம்மியாவும்." அவன் வியாபாரத்துக்காகச் சொன்னான். மஜீதுக்கு உடனே தங்கை ரஜியாவின் முகம் வந்து நின்றது. அன்றிலிருந்து அவர் ஹோட்டல் தூரத்தையும் சாப்பாட்டையும் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டார். மூன்றாவது கட்டிலில் ரஜியா படுப்பாளென்றால் இரட்டிப்பு விலை தகும். இல்லையென்றால் தகாது. அவர் கணக்கு அவ்வளவுதான்.

ரஜியா வடக்கனந்தலில் இருக்கிறாள். புருஷன் இறந்து பதினோரு வருடம். ஒரே மகள் ஜன்னதுல் பிர்தௌஸ். அந்தப் பெண் பிறந்து நாற்பதாம் நாள், வீடு நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, மஜீத்தான் குழந்தையைக் கையில் வாங்கி, "இது எங்க வூட்டு மருமவ. யாரும் கண்ணு வெக்காதீங்க," என்றார். அன்று வாஜிதுக்கு நாலு வயது. எல்லோரும் சிரித்தார்கள். ரஜியா சிரிக்கவில்லை, நம்பினாள். அண்ணன் வாக்கு என்று இருபத்து மூன்று வருடம் அதை வைத்திருந்தாள். பிர்தௌஸைக் கேட்டு வந்த இரண்டு நல்ல இடங்களை, "பேசி வெச்சிருக்குதுங்க," என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

வாஜித் படித்து முடித்து, கூட வேலை பார்க்கும் பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்றான். பிள்ளைகள் விஷயம் அப்படித்தான். யார் வீட்டில் நடக்கவில்லை? அதை ரஜியா பொறுத்திருப்பாள். மஜீத் செய்ததுதான் வேறு. அவர்கள் குடும்பங்களில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு கூடப்பிறந்தவளுக்கு. அண்ணனும் அண்ணியும் வெற்றிலை, பழம், புடவையோடு நேரில் போய் உட்கார்ந்து, "நீ வந்து நின்னாதான் காரியம்," என்று சொல்லவேண்டும். மஜீதுக்குத் தங்கை முகத்தைப் பார்க்கக் கால் வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் வெளியூர்க்காரர்களுக்கான கல்யாணப் பத்திரிகைகளோடு அவளுக்கும் ஒன்றில் விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டித் தபாலில் போட்டுவிட்டார். பதினைந்து கிலோமீட்டர் தூரத்துக்குத் தபால். ரஜியா கல்யாணத்துக்கு வந்தாள். முன்வரிசையில் உட்காராமல், வெளியூர்க்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அதன்பின் அவசரமாகப் பிர்தௌஸுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். ஒன்றரை வருடத்தில் அந்தப் பெண் ஒரு சூட்கேசோடு திரும்பி வந்தது. இப்போது வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறது. வாஜித் கல்யாணத்திலிருந்தே ரஜியா அண்ணனோடு பேசாமல் இல்லை. பேசினாள். ஆனால் "வாண்ணே" என்றவள் "வாங்க" என்றாள். ஆறு வருடமாக அந்த ஒரு சொல் அவர் காதில் குத்திக்கொண்டிருந்தது.

ஹபீபாவின் கடைசி விரலுக்கு வந்ததும் மஜீத் மெல்ல ஆரம்பித்தார்.

"பதினாலு நாளு ஒரே ரூமு. காலையில எழுந்தா மூஞ்சியப் பாத்துதான் ஆவணும். பேசாமலா இருந்துடுவா?"

"நாப்பது வருசமா நாம ஒரே வூட்ல இருக்கறோம். நீங்க இன்னா பேசிட்டீங்க?" என்றாள் ஹபீபா. பிறகு, குரலைத் தணித்து, "கேக்கறதுன்னா நேர்ல போயி கேளுங்க. போன்ல கேக்காதீங்க. அந்த மாதிரி..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

மஜீத் துண்டை உதறி நகத்துணுக்குகளைக் காகிதத்தில் மடித்தார். "நாளைக்கு ஜும்மா முடிச்சிட்டுப் போவலாம்," என்றார்.

இன்னொரு விஷயமும் இருந்தது. அந்தப் புனித ஊருக்குக் கிளம்புகிறவர்கள் அதற்கு முன் தெரிந்தவர், பழகியவர் எல்லோரிடமும் போய், தெரிந்தோ தெரியாமலோ செய்த தப்புக்கு மாப்பு கேட்டுவிட்டு வரவேண்டும். மஜீத் அதில் கறாரான ஆள். போன மாதமே தொடங்கிவிட்டார். தெருவில் ஒரு வீடு விடவில்லை. கடைக்கு வரும் மலைக்காரர்களையும் விடவில்லை. ஒருநாள் பஸ் பிடித்துக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைவரை போய், பச்சையம்மாள் என்ற கிழவியைத் தேடிப்பிடித்தார். இருபது வருடத்துக்கு முன் அவளுக்கு விற்ற கிணற்றுக் கயிற்றில் இரண்டு முழம் கம்மியாக அளந்துவிட்டதாக அவருக்கு ஓர் உறுத்தல். பச்சையம்மாள் பொக்கை வாயால் சிரித்தாள். "கயிறு அறுந்தே பாஞ்சு வருசம் ஆவுது பாய். கெணறும் தூந்துபோச்சி. இதுக்கா பஸ்ஸேறி வந்த?" என்று கடுக்காய் ஒரு மடி கட்டிக்கொடுத்து அனுப்பினாள்.

ஆக, எல்லோரும் முடிந்து, மிச்சமிருந்தது ஒரே ஆள்.

வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஆட்டோ பேசினார். ஹபீபாவை ஏற்ற டிரைவர் இளவரசன் ஒரு பக்கமும் மஜீத் ஒரு பக்கமும் பிடிக்கவேண்டியிருந்தது. வழியெல்லாம் மரவள்ளிக் காடு, அப்புறம் கரும்பு, நேர் எதிரே மலை. மஜீத் சட்டைப்பையில் பளபளப்பான காகிதத்தை நாலாக மடித்து வைத்திருந்தார். சொல்லவேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். முதலில் மாப்பு, பிறகுதான் பிரயாணம். வரிசை மாறக்கூடாது.

வாசலில் தையல் மெஷின் சத்தம் கேட்டது. "மாமா! மாமி! வாங்க, வாங்க," என்று பிர்தௌஸ் எழுந்து ஓடிவந்தாள். இருபத்தொன்பது வயதுக்குக் கொஞ்சம் பெருத்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. "மாமி, இந்தக் கட்டில்ல உக்காருங்க. நாற்காலி ஆடும். போன வாரம் ஒரு கஸ்டமர் உக்காந்து விழுந்து, தையக் கூலில பாதிய அவங்களுக்கே விட்டுட்டேன்."

ரஜியா உள்ளேயிருந்து வந்தாள். "வாங்க," என்றாள்.

டீ வந்தது. மழை இல்லாததைப் பேசினார்கள், கரண்டு போவதைப் பேசினார்கள். மஜீத் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் காலி டம்ளரையே கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஹபீபா முழங்கையால் இடித்தாள். அவர் வாயைத் திறந்தார். வரிசை மாறிப்போனது.

"சபியுல்லா கூட்டினு போறான். பிரீமியம் குரூப்பு. சென்னையிலருந்து நேர் ஃபிளைட்டு. எறங்கினா ஹோட்டலு, ஹோட்டல்லருந்து எட்டி வெச்சா ஹரம். நடக்கவே தேவையில்ல. கூடவே ஆளு வருவாரு, எந்த எடத்துல இன்னா ஓதணும்னு அவரே சொல்லிக்குடுப்பாரு. பதினாலு நாளு." காகிதத்தைப் பிரித்துக் கட்டில்மேல் வைத்துக் கையால் நீவினார். "குடும்ப ரூமு. மூணு கட்டிலு."

தன் குரல் சபியுல்லாவின் குரல் போலவே இருப்பது அவருக்கே கேட்டது. ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. "லிஃப்ட்டு இருக்கு. சுடுதண்ணி இருக்கு."

ரஜியா காகிதத்தை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "சாப்பாடு?"

"மூணு வேளையும். நம்ம ஊரு சாப்பாடு. சமையக்காரனே ராமநாதபுரத்துக்காரன்."

"ஆப்பம் உண்டா?"

"கேட்டுச் சொல்றேன்," என்றார் மஜீத், முகம் மலர்ந்து. ஹபீபா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு நாத்தனாரைத் தெரியும்.

பிர்தௌஸ் மெஷினில் கோத்திருந்த நூலை அறுத்தபடி சொன்னாள். "அம்மாக்கு பாஸ்போர்ட் இருக்குது மாமா. நான்தான் ரெண்டு வருசம் மின்ன எடுத்தேன். நானே கூட்டினு போவலாம்னுதான் சேத்துக்கினு இருக்கேன். பிரீமியம்லாம் இல்ல, சாதாதான். அடுத்த வருசம் ஆவும்." அதில் குத்தல் எதுவும் இல்லை. ரவிக்கைக்குத் துணி பத்தாது என்று வாடிக்கைக்காரியிடம் சொல்வது போலச் சொன்னாள். "ஆனா நீங்க கூட்டினு போனா நல்லதுதான். அம்மாக்கும் இப்பல்லாம் மூச்சு வாங்குது."

மஜீதுக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆறு வருடத்துக்கு முன் அவர் நேரில் வந்து சொல்லாமல் விட்டது அளவு நாடாவோடு எதிரே உட்கார்ந்து அவருக்காகப் பேசிக்கொண்டிருந்தது.

ரஜியா காகிதத்தை மடித்தாள். வந்த மடிப்பிலேயே நாலாக. "கெளம்பறதுக்கு மின்ன எல்லாருகிட்டயும் மாப்பு கேக்கணும்ல?"

"அதுக்குத்தாம்மா வந்தது."

"எல்லாம் கேட்டாச்சா?"

"ஆச்சி. ஆவப்போவுது."

"மலைக்குக்கூடப் போனீங்களாமே," என்றாள் ரஜியா. குரல் உயரவில்லை. "பச்சையம்மா இங்கதான் பிர்தௌஸ்கிட்ட ரவிக்க தெக்கக் குடுக்கும். ரெண்டு முழம் கயித்துக்கு பாய் மலையேறி வந்தாருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சிது."

மஜீத் காலி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த பஸ்ஸு எங்க ஸ்டாப்புல பத்து நிமிசம் நிக்கும். டிரைவரு டீ குடிப்பாரு. போறப்ப ஒருவாட்டி, வர்றப்ப ஒருவாட்டி."

நின்றது உண்மைதான். இரண்டு முறையும் மஜீத் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார். தெருமுனை தெரிந்தது, வேப்பமரம் தெரிந்தது, நீலம் அடித்த இந்த வீட்டின் மேல்சுவர்கூடத் தெரிந்தது. எல்லோரையும் முடித்துவிட்டுக் கடைசியாக நிதானமாக வந்து கேட்கலாம், அதுதான் மரியாதை என்று அன்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இப்போது அதை எடுத்துச் சொல்லலாம் என்று நினைத்தார். சொல்லி என்ன? பத்திரிகைக்கும் இப்படித்தான் ஒரு காரணம் வைத்திருந்தார்.

"தப்புதான் ரஜியா," என்றார். "அன்னிக்கும் தப்பு, இன்னிக்கும் தப்பு. உன் மூஞ்சியப் பாக்கறதுக்குத்தான் எனக்கு... வேற ஒண்ணுமில்ல. ஊரெல்லாம் கேட்டுட்டேன், உங்கிட்டக் கேக்கத் தைரியம் வரல. நீ மாப்பு குடுத்தாதான் நான் போறதுக்கு அர்த்தம். நீ கூட வந்தாதான்..." அங்கே நின்றுவிட்டார். பிறகு, "வர்றியாம்மா?" என்றார்.

பிர்தௌஸ் மெஷின் சக்கரத்தின்மேல் கையை வைத்து அசையாமல் இருந்தாள்.

அப்போது பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அஸர், சாயங்காலத் தொழுகை நேரம். ரஜியா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.  பாங்கு முடிந்ததும் அவள் எழுந்து பின்பக்கம் போனாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கைகால் முகம் ஈரமாகத் திரும்பி வந்து, கொடியில் கிடந்த தொழுகை விரிப்பை எடுத்து, அதே அறையில், கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவே விரித்து நின்றாள்.

மஜீதும் பள்ளிவாசலுக்குப் போயிருக்கவேண்டும். எழப் பார்த்தார். இப்போது போனால் திரும்பி வரும்போது இந்த நேரம் இருக்குமா என்று தெரியவில்லை. உட்கார்ந்தார். எல்லோரும் சேர்ந்து தொழும் ஜமாஅத் தவறிப்போகும் என்று தெரிந்தே உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமையில் அவர் அப்படிச் செய்ததில்லை.

பையில் போன் அதிர்ந்தது. சபியுல்லா. ரெண்டு பேரா, மூணு பேரா என்பான். மஜீத் சட்டைக்குமேல் கையை வைத்து அமுக்கினார். அது அடங்கி, மறுபடி அதிர்ந்தது.

ரஜியா குனிந்தாள், நிமிர்ந்தாள், தரையில் நெற்றி வைத்தாள். எழும்போது ஒருமுறை கையைத் தரையில் ஊன்ற வேண்டியிருந்தது. பிர்தௌஸ் சொன்ன மூச்சு வாங்கல் மஜீதுக்கு இப்போது கேட்டது. அவளுக்கும் வயது ஐம்பத்தேழு. அவர் நினைப்பில் அவள் ஏனோ முப்பத்தைந்திலேயே நின்றிருந்தாள்.

வலப்பக்கம் ஸலாம் சொன்னாள், இடப்பக்கம் ஸலாம் சொன்னாள். மஜீத் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். ரஜியா எழவில்லை. விரிப்பின் ஓரத்திலிருந்து மணிமாலையை எடுத்து, கண்ணை மூடி, உருட்ட ஆரம்பித்தாள். ஓதிக்கொண்டிருப்பவளைக் கூப்பிட முடியுமா? நூறு மணி. ஒரு சுற்று முடிந்தது. அடுத்த சுற்று தொடங்கியது.

வெளியே இளவரசன் ஹாரன் அடித்தான். அவனுக்கு ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சவாரி.

"என்னத் தூக்கி நிறுத்துங்க," என்றாள் ஹபீபா, காற்றுக் குரலில்.

மஜீத் அவள் இரண்டு கைக்கும் அடியில் தன் கையைக் கொடுத்துத் தூக்கினார். பிர்தௌஸ் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தாள். அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. அதையும் ஏதோ தூசு போலத் துடைத்துவிட்டு, "பாத்து மாமி, படி ஒசரம்," என்றாள்.

காகிதம் கட்டில்மேல் இருந்தது. எடுத்துக்கொள்வதா, விட்டுப்போவதா என்று மஜீத் ஒரு நிமிடம் நின்றார். விட்டுவிட்டார். ரஜியாவின் முதுகைப் பார்த்து, "போய்ட்டு வர்றேம்மா," என்றார்.

அவள் விரல்கள் மட்டும் மணியைத் தள்ளிக்கொண்டிருந்தன. அவர் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு ஹபீபாவைத் தாங்கிக்கொண்டு, தலை இடிக்காமல் குனிந்து, அந்த அறையை விட்டு வெளியே போனார்.